பார்வையற்றோரும் அன்றாடத் தகவலும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இருக்கும் பார்வையற்றவர்கள், பார்வை குறைந்தவர்கள், அவர்கள் வீட்டார் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட பக்கம் இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையான கேள்விக்கு நேரே போகலாம். வாட்ஸ்அப் பற்றிய கேள்வியை மட்டும் கண் தெரிகிறவர்கள் தவறாமல் படிக்க வேண்டுகிறோம்.

டச் போனில் பொத்தானே இல்லையே, கண் தெரியாமல் எப்படிப் பயன்படுத்துவது?

திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்று போய் ஆன் செய்யலாம். குறுக்குவழியை இயக்கி வைத்தால், ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினாலே ஆன் ஆகும். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்துவது குறுக்குவழி. அதையும் அமைப்புகளில் ஒருமுறை தேர்ந்து வைக்க வேண்டும்.

ஆன் ஆனதும் தொடுவதன் பொருளே மாறிவிடும். ஒரு விரலால் தொட்டால் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்லும், திறக்காது. வலப்பக்கம் சுண்டினால் அடுத்த உருப்படி, இடப்பக்கம் சுண்டினால் முந்தையது. திறக்க, திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. பக்கத்தை நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று. அழைப்பு வந்தால் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டி எடுக்கலாம், அதே தட்டில் வைத்தும் விடலாம்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சுண்டுவதில்தான். விரலை மெதுவாக இழுத்தால் போன் அதைச் சுண்டுவதாக எடுத்துக்கொள்ளாது, தடவிப் பார்ப்பதாக நினைத்து வழியில் இருப்பதையெல்லாம் படிக்கும். தூசி தட்டுகிற வேகத்தில் சட்டென்று சுண்ட வேண்டும். போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரை ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தாலும் சைகை எதுவும் வேலை செய்யாது. ஈர விரலும் ஆகாது. முதல் வாரம் போனை மேசைமேல் வைத்துப் பழகுவது நல்லது. பழகுவதற்கு வங்கிச் செயலி வேண்டாம், கடிகாரமும் கால்குலேட்டரும் போதும்.

யாரோ தெரியாமல் டாக்பேக்கை ஆன் செய்துவிட்டார்கள், போன் எதற்கும் அசையவில்லை. என்ன செய்வது?

போன் கெட்டுப்போகவில்லை. ஒலிப் பொத்தான்கள் இரண்டையும் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். நிற்காவிட்டால் அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்று போய் ஆஃப் செய்யுங்கள்: ஒரு தட்டில் தேர்வு, இரண்டு தட்டில் திறப்பு, நகர்த்த இரண்டு விரல்.

போன் ஆங்கிலத்தை மட்டும் படிக்கிறது, தமிழ் வந்தால் ஊமையாகிவிடுகிறது.

திரைவாசிப்பான் வேறு, அதற்குக் குரல் கொடுக்கும் பேச்சுப்பொறி வேறு. பேச்சுப்பொறியில் ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடும். அமைப்புகளில் ‘உரையிலிருந்து பேச்சு’ பகுதிக்குப் போய், கூகுளின் பேச்சுப்பொறியைத் தேர்ந்து, தமிழ்க் குரலைத் தரவிறக்குங்கள். வைஃபை இருக்கும்போதே இறக்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாத இடத்திலும் பேசும். தமிழ்க் குரல் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஓரளவு படித்துவிடும். பழைய, வேகம் குறைந்த போனாக இருந்தால் இலவசமான ஈஸ்பீக் பொறியைப் போடலாம். இயந்திரக் குரல்தான், ஆனால் தொட்ட உடனே பேசும். நாள் முழுக்கப் போன் பயன்படுத்துகிறவர்களுக்கு இனிமையைவிட இந்த வேகம் முக்கியம்.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எதையும் போன் படிப்பதில்லையே, ஏன்?

அவை படமாக வருவதால். திரைவாசிப்பான் படிப்பது எழுத்தை. பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பினால் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். ஊர்ச் செய்தி இன்று பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: நகரத்தார் கோயில் கும்பாபிஷேக அழைப்பு, புள்ளிவரி (கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் வாங்கும் வரி) அறிவிப்பு, படைப்பு (வீட்டுத் தெய்வத்துக்குப் படைக்கும்) நாள், இழவுச் செய்தி. அடக்கம் எத்தனை மணிக்கு என்பதே தெரியாமல் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்க நேர்வது கொடுமை. அதைத் தவிர்க்க அனுப்புகிறவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

படத்தை அனுப்பும்போது கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அதில் விவரத்தைத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது மைக்கை அழுத்தித் தமிழில் சொல்லுங்கள், போனே எழுதிக்கொள்ளும். இந்த அளவு போதும்:

‘புதன் காலை 9 மணி முதல் 10.30 மணிக்குள் திருமணம். இடம்: பள்ளத்தூர், எங்கள் வீடு. முன்வாசல் தெற்குத் தெருவில், பின்வாசல் வடக்குத் தெருவில். ஆட்டோவில் வருபவர்கள் தெற்குத் தெரு என்று சொல்லவும். செவ்வாய் மாலை 6 மணிக்கே வந்துவிடவும்.’

வாசல் எந்தத் தெருவில் என்பதைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. மேப்பில் வைத்த புள்ளி பின்வாசலில் விழுந்தால், கண் தெரிகிறவர் சுற்றி வந்துவிடுவார். கைத்தடியோடு வருபவர் பூட்டிய கதவின்முன் நிற்பார். வீட்டை விலாசத்தின் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துத் தொடர்) எழுத்துகளைச் சொல்லித்தான் ஊரில் அடையாளம் காட்டுவார்கள் என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், தெருவில் கேட்டு வர உதவும்.

எமோஜி பொம்மைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கூப்பிய கைகள் போட்டால் திரைவாசிப்பான் அவற்றின் பெயரைச் சொல்லிமுடித்த பிறகுதான் செய்திக்கே வரும். அழகுக்காகப் போடும் நட்சத்திர வரிசை, கோட்டு வரிசையும் அப்படித்தான். குரல் பதிவாக அனுப்பினால் கேட்க முடியும், ஆனால் அதில் சொன்ன தொலைபேசி எண்ணை நகலெடுக்க முடியாது. எண்ணை மட்டுமாவது தனிச் செய்தியாக எழுதுங்கள்.

படமாகவே வந்துவிட்டது, கேட்டால் தட்டச்சு செய்து தரவும் ஆளில்லை. அப்போது?

படத்தைத் திறந்து, பகிர் பொத்தானில் கூகுள் லென்ஸைத் தேர்ந்து, உரை என்ற பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். அச்சுத் தமிழை நன்றாகவே அடையாளம் காணும். கையெழுத்தில் தடுமாறும். மெரூன் தாளில் பொன்னிற எழுத்து, வளைத்து வளைத்து எழுதிய தலைப்பு, சாமி படத்தின்மேல் ஓடும் வரி ஆகியவற்றில் பெரும்பாலும் தவறும். மணமக்கள் பெயர் சிதைந்து, மண்டபத்தின் பெயர் மட்டும் சரியாக வருவது வழக்கம், ஏனென்றால் மண்டபத்தின் பெயரைத்தான் சாதாரண எழுத்தில் அச்சிடுகிறார்கள்.

‘பி மை ஐஸ்’ செயலியில் வீடியோ அழைப்பு வழியாகக் கண் தெரிகிற தன்னார்வலர் ஒருவர் படித்துச் சொல்வார். மொழியைத் தமிழ் என்று அமைத்துக்கொள்ளுங்கள். படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு வசதியும் அதிலேயே உண்டு. பொதுவான விவரிப்புக்கு அது நல்ல துணை. ஆனால் தெளிவில்லாத எண்ணைத் தானே ஊகித்து உறுதியாகச் சொல்லிவிடும். தேதி, மருந்தின் அளவு, கணக்கு எண் ஆகியவற்றை மனிதர் ஒருவரிடம் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் கண் தெரிகிறவர்களுக்குத் தமிழாகத் தெரிகிறது, திரைவாசிப்பானோ ஆங்கில எழுத்துகளாக உளறுகிறதே?

அந்தக் கோப்பு யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறை) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அச்சகங்களிலும் சில அலுவலகங்களிலும் இந்த வழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அந்த இரண்டில் யூனிகோடு மட்டுமே திரைவாசிப்பானில் தானாகப் பேசும். அதனால் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் ‘யூனிகோடில் வேண்டும்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

கோப்பை அனுப்புமுன் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது தாளை ஸ்கேன் செய்த படம்.

பழைய எழுத்துரு என்றால், எழுத்துருவின் பெயர் தெரிந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒட்டி யூனிகோடாக்கலாம். ஸ்கேன் படமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸில் திற’ என்று கொடுத்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். பழைய எழுத்துருக் கோப்பை அப்படியே டாக்ஸில் திறந்தால் உள்ளிருக்கும் குப்பையே வந்துவிடலாம். முதலில் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக்கி, அந்தப் படத்தை ஏற்றுங்கள்.

ஆதார் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் கேட்கும்: ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு.

தபாலில் வந்த தாளைப் போன் கேமராவில் படிக்க வைக்க, சரியாகப் பிடிப்பது எப்படி?

வெள்ளைத் தாளைக் கறுப்பு அல்லது அடர்நிற மேசையில் வைத்து, மடிப்பை நன்றாக நீவிவிடுங்கள். போனைத் தாளின் நடுவில் படுக்க வைத்து, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, சாய்க்காமல் நேராக மேலே தூக்குங்கள். ஏ4 தாளுக்குச் சுமார் 30 செ.மீ. உயரம் போதும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும். தலைக்கு மேலே விளக்கு இருந்தால் கையின் நிழல் தாளில் விழும். லேமினேட் செய்த அட்டை பளபளத்து எழுத்தை மறைக்கும், அதை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். செய்தித்தாளில் இரண்டு பத்திகளின் வரிகள் கலந்து வந்தால், ஒரு பத்தியை மட்டும் விட்டு மற்றதை வெற்றுத்தாளால் மூடுங்கள். தலைகீழாக வைத்திருந்தாலும் பொருளில்லாத எழுத்துகள் வரும், தாளைத் திருப்பிப் பாருங்கள்.

செய்தித்தாளுக்கு வேறு வழி?

நாளிதழ்களின் இ-பேப்பர் பெரும்பாலும் பக்கத்தின் படம், பேசாது. அதே நாளிதழின் சாதாரண இணையதளத்துக்குப் போனால் செய்தி எழுத்தாக இருக்கும். விளம்பரங்களைத் தாண்ட டாக்பேக்கில் வாசிப்புக் கட்டுப்பாட்டைத் ‘தலைப்புகள்’ என்று மாற்றிக்கொண்டு கீழே சுண்டினால் ஒவ்வொரு தலைப்பாகத் தாவும். வானொலிச் செய்திக்கு அகில இந்திய வானொலியின் நியூஸ்ஆன்ஏர் செயலி இருக்கிறது.

ரூபாய் நோட்டை எப்படி அடையாளம் காண்பது?

இப்போது புழங்கும் புதிய வரிசை நோட்டுகளின் நீளம்: 10 ரூபாய் 123 மி.மீ., 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் பத்துக்கும் இருபதுக்கும் 63 மி.மீ., மற்றவற்றுக்கு 66. நூறு, இருநூறு, ஐந்நூறுக்கு இடையே வெறும் 4 மி.மீ. வித்தியாசம்தான் என்பதால் தனி நோட்டைத் தடவிச் சொல்வது கடினம். இரண்டை ஓரம் சேர்த்து ஒப்பிட்டால் தெரியும். கெட்டி அட்டையில் இந்த நீளங்களுக்கு வெட்டுக்குறி போட்டுப் பர்ஸில் வைத்துக்கொள்வது நம்பகமான வழி.

தடவும் குறிகளும் உண்டு: நூறில் முக்கோணமும் ஓரத்தில் நான்கு சாய்கோடுகளும், ஐந்நூறில் வட்டமும் ஐந்து கோடுகளும், இருநூறில் நான்கு கோடுகளும் அவற்றுக்கிடையே இரண்டு சிறு வட்டங்களும். புது நோட்டில் நன்றாகத் தட்டுப்படும். சந்தையில் கசங்கிப் பழகிய நோட்டில் தேய்ந்திருக்கும்.

ஏமாற்றுவது பழைய வரிசை நோட்டு. பழைய 20 ரூபாயின் நீளம் 147 மி.மீ., புதிய இருநூறோடு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பழைய பத்து 137 மி.மீ., புதிய ஐம்பதுக்கு மிக அருகில். இந்த இரண்டிலும் நீளத்தை விட்டு அகலத்தைப் பாருங்கள்: பழைய பத்தும் இருபதும் 3 மி.மீ. குறுகல்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமராமுன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் வேண்டாம். கள்ள நோட்டா என்று அது சொல்லாது. அடையாளம் கண்ட பிறகு மடிப்பு முறை ஒன்றை வழக்கமாக்குங்கள்: ஐந்நூறு மடிக்காமல், இருநூறு குறுக்கே ஒரு மடிப்பு, நூறு நீளவாக்கில் ஒரு மடிப்பு. மீதி வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கையில் வைக்கச் சொல்லுங்கள், அங்கேயே மடித்துவிடுங்கள். நாணயங்களில் 20 ரூபாய் மட்டும் பன்னிரண்டு பக்கம் கொண்டது, விளிம்பைத் தடவினாலே தெரியும்.

வங்கியில் ‘உங்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை தர முடியாது’ என்கிறார்களே?

மறுக்க முடியாது. பார்வை இல்லை என்ற காரணத்துக்காகக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், சில்லறைக் கடன் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டதுமே பல இடங்களில் பேச்சு மாறும்.

பேசும் ஏடிஎம்மில் 3.5 மி.மீ. இயர்போன் செருகத் துளை இருக்கும். முதலில் இயர்போன், பிறகு அட்டை. விசைப்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று மேல்வரிசையில் இருக்கும், 5ஆம் விசையில் ஒரு புள்ளி புடைத்திருக்கும். வலப்பக்கம் ரத்து விசையில் பெருக்கல் குறியும் உறுதி செய்யும் விசையில் வட்டமும் தட்டுப்படும். இப்போதைய போன் பலவற்றில் இயர்போன் துளையே இல்லாததால் வயர் இயர்போன் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

யுபிஐயில் கடையின் க்யூஆர் அட்டைக்கு நேரே கேமராவைப் பிடிப்பது சிரமம் என்றால், கடைக்காரரின் போன் எண்ணைக் கேட்டு அதற்கு அனுப்புங்கள், செயலி சொல்லும் பெயரைச் சரிபார்த்த பிறகு பணம் போகட்டும். பின் எண்ணை அடிக்கும்போது இயர்போன் மாட்டி, டாக்பேக் மெனுவில் ‘திரையை மறை’ என்று கொடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கடையின் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லும்வரை கடையை விட்டு நகராதீர்கள். பொத்தான் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் வந்த யுபிஐ 123பே சேவை இருக்கிறது, எண்ணுக்கு அழைத்துக் குரல் வழியாகவே பணம் அனுப்பலாம்.

மாத்திரை மாறிவிடாமல் இருக்க?

மாத்திரை அட்டையைக் கடைசிவரை அதன் பெட்டியிலேயே வையுங்கள். அட்டையில் காலாவதித் தேதி ஒரு முனையில் தகடு அழுத்தி அச்சிடப்பட்டிருக்கும், கேமரா அதைப் படிப்பது அரிது. மருந்துக் கடையில் அரை அட்டை வாங்கினால் தேதி இல்லாத பாதி உங்களுக்கு வந்துவிடக்கூடும். முழு அட்டை கேளுங்கள், தேதி உள்ள முனையை ஒருவரிடம் கேட்டு அடையாளம் வைத்து, எதிர்முனையிலிருந்து பிய்க்கத் தொடங்குங்கள்.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு பார்கோடு அல்லது க்யூஆர் குறியீடு கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெட்டியை மெல்லத் திருப்பிக்கொண்டே போன் கேமராவில் காட்டுங்கள்.

வீட்டுக்குள் ரப்பர் பேண்ட் போதும்: காலை மருந்துக்கு ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு. கண் சொட்டு மருந்துக் குப்பிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணழுத்தத்துக்கு இரண்டு, மூன்று சொட்டு மருந்து எழுதினால் குப்பிகள் ஒரே வடிவில் வரும். வாங்கிய அன்றே, கடையிலேயே, ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

அடுப்படியில் டப்பாக்களை எப்படி அடையாளம் வைப்பது?

அஞ்சறைப்பெட்டியில் வரிசையை மாற்றவே கூடாது, வீட்டில் யார் சமைத்தாலும் அதே வரிசைதான். பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி எல்லாம் விரலுக்கே தெரியும், குறி தேவையில்லை. பொடிகள்தான் சிக்கல். மிளகாய்த்தூளையும் சாம்பார்ப் பொடியையும் முகர்ந்து பார்த்துப் பிரிக்க முயன்று தும்முவதைவிட, வேறு வேறு வடிவ டப்பாவில் போடுவது மேல்.

நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் இருப்பதால், அதே ஆளிடம் டப்பாவில் பிரெய்ல் வெட்டச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். பயன்படாது. வெட்டும் எழுத்து பள்ளமாக விழும். பிரெய்ல் படிக்கப் புள்ளி மேடாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் மூடியின் விளிம்பில் ஆழமாக ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று வெட்டச் சொல்லுங்கள். விரல் நகத்தில் தெளிவாகத் தட்டுப்படும், எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. மூடிகள் மாறிப்போகும் வீடாக இருந்தால் டப்பாவின் கழுத்திலும் அதே கோட்டை வெட்டுங்கள்.

பினாயில், ஆசிட், பூச்சிமருந்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் இன்றே விட வேண்டும்.

பெரிய வீட்டில் அப்பத்தாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. எங்கே கவனம் வைக்க வேண்டும்?

முழுப் பார்வையின்மைக்கும் பார்வைக் குறைவுக்கும் தேவை வேறு வேறு. மீதி இருக்கும் பார்வைக்கு வெளிச்சமும் நிற வேறுபாடும்தான் தகவல்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே ஒரு வசதி. திண்ணை, முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போகிறது. வளவுக்குள் நுழைந்ததும் முற்றத்தின் திறப்பால் குரலின் எதிரொலி மாறும், காற்று மாறும். தளம் ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பிலிருந்து முற்றத்து ஓரக் கருங்கல்லின் சொரசொரப்புக்கு மாறுவதைக் கால் உணரும். வெறுங்காலோடு நடப்பவருக்கு இது நல்ல குறி.

ஆபத்து மூன்று இடத்தில். முதலாவது உயரமான நிலைப்படி. அதன் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். இரண்டாவது ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை. அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறி வரும் கட்டத்தைப் பார்வை மங்கியவர் படியென்றோ பள்ளமென்றோ நினைத்துக் காலைத் தூக்கி வைப்பார், அல்லது நின்றுவிடுவார். உண்மையான படி அதே பூவேலைக்குள் மறைந்துபோகும். அவர் நடக்கும் பாதையில் ஒரே நிறத்தில், ஓரம் சுருளாத, வழுக்காத விரிப்பு போடுங்கள், படிக்கு ஓரடி முன்னால் அது முடியட்டும். தளத்துக்கு எண்ணெய் போட்டு மெருகேற்றும் நாளில் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். மூன்றாவது வெளிச்ச மாற்றம். முற்றத்து வெயிலிலிருந்து இருட்டு அறைக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில நிமிடம் ஆகும், பார்வை குறைந்தவருக்கு இன்னும் கூடுதல். வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டால் உட்கார்ந்து போவார். உள்ளறை விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள்.

வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் வைத்தால் தெரியாது. வாழை இலை நல்ல பின்புலம். பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, கதவை முழுக்கத் திறந்து அல்லது முழுக்கச் சாத்தி வைப்பது, இந்த இரண்டும் எந்தக் கருவியையும்விட மேல்.

பேருந்து, ரயில்?

பேருந்தில் ‘இது தேவகோட்டை வண்டியா?’ என்று கேட்டால் கவனிக்காமலே ‘ஆமா’ என்பார்கள், அல்லது தலையை மட்டும் ஆட்டுவார்கள். ‘அண்ணே, இது எங்கே போகிற வண்டி?’ என்று கேளுங்கள், ஊர்ப் பெயரை அவரே சொல்ல வேண்டி வரும். நடத்துநரிடம் இறங்கும் ஊரை மட்டும் சொல்லாமல் அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

ரயில் விசாரணைக்கு 139. ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி ரயிலுக்குள் இருக்கும்போது செல்பேசிக் கோபுரத்தை வைத்தே அடுத்த நிலையத்தைச் சொல்லும், இணையம் விட்டுப்போனாலும் கவலையில்லை. இரவு ரயில் ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டு எண்கள்: 1, 4 கீழ், 2, 5 நடு, 3, 6 மேல், 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். உங்கள் எண் 33 என்றால் நான்கு தடுப்பு தாண்டி ஐந்தாவதில் கீழ்ப் படுக்கை. எண் எந்த வாசலிலிருந்து தொடங்குகிறது என்று மட்டும் ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதான பிறகு பிரெய்ல் கற்க வேண்டுமா? புத்தகம் எங்கே கிடைக்கும்?

குழந்தைக்குக் கட்டாயம் வேண்டும். காதால் மட்டும் படித்து வளரும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் நிற்காது, ‘ல, ள, ழ’ வேறுபாடு விரலில் பட்டால்தான் பதியும். பெரியவர்களுக்கு விருப்பத்தைப் பொறுத்தது. சர்க்கரை நோயால் பார்வை போனவர்களுக்கு விரல் நுனியின் உணர்வும் குறைந்திருக்கலாம், அவர்களை வற்புறுத்தாமல் முதலில் ஒலி வழிக்குப் போகலாம்.

தமிழ் பிரெய்ல், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறையில் அமைந்தது, ஆறு புள்ளிகள். சிலேட்டும் ஊசியும் கொண்டு எழுதும்போது தாளின் பின்புறம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016இல் தொடங்கியது, உறுப்பினரானால் தமிழ் நூல்களும் கிடைக்கும். அச்சு நூலை ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்றுவது 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமில்லை. பக்கத்தில், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையை அடுத்த சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தையும் கேட்கலாம். பிரெய்ல் நூல்கள் கொண்ட பொட்டலத்துக்கு 7 கிலோ வரை சாதாரணத் தபாலில் கட்டணம் கிடையாது. தபால்காரர் திறந்து பார்க்கும்படி கட்டி, மேலே ‘பார்வையற்றோர் இலக்கியம்’ என்று எழுதுங்கள்.

தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று மற்றவருக்குத் தெரியாமல் போட முடியுமா?

முடியும். வாக்குச்சாவடி அதிகாரியிடம் பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டு கேளுங்கள். வேட்பாளரின் வரிசை எண்ணை அதில் படித்துவிட்டு, இயந்திரத்தில் பொத்தானின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் பிரெய்ல் எண்ணைத் தடவி அழுத்தலாம். துணை வேண்டுமென்றால் 18 வயது நிறைந்த ஒருவரை நீங்களே தேர்ந்து அழைத்துப் போகலாம். ஒருவர் அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும்.

அவசர எண்கள்?

மின்தடைக்கு மின்னகம் 94987 94987. எரிவாயுக் கசிவுக்கு 1906. ரேஷன் புகாருக்கு 1967. ஆம்புலன்ஸ் 108. இவற்றைப் பெயரோடு போனில் சேமித்து வைத்தால் ‘மின்னகத்துக்குக் கால் பண்ணு’ என்று சொன்னாலே போகும்.

அடையாள அட்டைக்கு என்ன அளவு பார்வைக் குறைவு வேண்டும், எங்கே போக வேண்டும்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்தான் பார்ப்பது) கீழ் இருந்தாலோ, பார்வைப் புலம் (பக்கவாட்டோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் பரப்பு) 10 பாகைக்குக் கீழ் இருந்தாலோ பார்வையின்மை. 6/18க்கும் 3/60க்கும் இடைப்பட்டது, அல்லது புலம் 40 பாகைக்குக் கீழ் 10 பாகை வரை என்றால் பார்வைக் குறைவு. சலுகைகள் பலவற்றுக்குச் சான்றில் 40 விழுக்காடு குறைபாடு தேவை. நேரே பார்த்தால் எழுத்து தெரிகிறது, ஆனால் பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் ஆட்களை இடித்துக்கொள்கிறார் என்றால் புலச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பலகையை மட்டும் காட்டிச் சோதித்தால் அது பிடிபடாது.

தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்று அரசு மருத்துவமனை வழியாக. உதவித்தொகை, பேருந்துப் பயணச் சலுகை, செயலிகளுடன் கூடிய திறன்பேசி பற்றியெல்லாம் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது ஆதார், குடும்ப அட்டை, நான்கு புகைப்படம், பழைய கண் மருத்துவச் சீட்டுகள் எடுத்துப் போங்கள். விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதித் தருவார்கள். அங்கேயே, எழுதித் தருபவரை உங்கள் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகத் தட்டச்சு செய்து தரச் சொல்லி, போன் அதைப் படித்துக் காட்டியதும் கிளம்புங்கள்.